நெட் பெட்டியைப் பிடுங்கியது நான்தான்

மதிப்பிற்குரிய பெரிய மாமாவுக்கு,

வணக்கம். அத்தைக்கும் சொல்லவும். அம்மாவும் நானும் சௌக்கியம். அக்காவும் சௌக்கியம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். போனில் உங்கள் குரலைக் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லி வாங்கிக்கொடுத்த கம்ப்யூட்டர் வேலைக்கு ஆபத்து, மாமா. மூன்று வாரமாகக் காலை பத்து மணிக்கு அக்கா நடு அறையில் கதவைச் சாத்திக்கொள்கிறாள். திரையில் நரைத்த தலையோடு ஒரு வெளிநாட்டுக்காரர் வருகிறார். கதவிடுக்கில் பார்த்துவிட்டேன். அக்கா ஒவ்வொன்றாகச் செய்து காட்டி விளக்குகிறாள், அவர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொள்கிறார். எனக்கு இங்கிலீஷ் தெரியாதுதான், ஆனால் பிடுங்குகிறவர் யார், கொடுக்கிறவள் யார் என்று பார்த்தால் தெரியாதா? கேட்டதற்கு, "ஆபீஸ்ல சொன்னாங்க, செய்யறேன். உன் வேலையைப் பாருடி" என்றாள்.

என் வேலை எங்கே இருக்கிறது? ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன் இல்லையா, முதலாளி ஒரு பெண்ணைக் கூட்டிவந்து, "இவளுக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடும்மா, உன்னைத் துணி வெட்டுற மேஜைக்கு ஏத்திடறேன்" என்றார். ஊசி உடையாமலிருக்க நானே கண்டுபிடித்த உபாயம் வரை சொல்லிக்கொடுத்தேன். எட்டாம் நாள் என் ஸ்டூலில் அவள், பாதிச் சம்பளத்துக்கு. அக்காவிடமும் ஆபீசில், "விசா எடுத்து அனுப்பறோம்" என்றிருக்கிறார்களாம். அங்கே போனாலும் அந்த ஊர்க்காரர் வாங்குவதில் பாதிதானாம், அதற்கே அம்மா சூட்கேஸ் விலை விசாரித்தாயிற்று. எனக்கு அந்த விசாவைப் பார்த்தால் முதலாளி சொன்ன மேஜை மாதிரியே இருக்கிறது.

அதனால் நெட் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். மூன்று நாள், சரியாகப் பத்து மணிக்கு. நாலாம் நாள் நேரிலேயே முறைத்துவிடலாம் என்று துடைப்பத்தோடு உள்ளே போனேன். அவர் சிரித்துக் கை அசைத்தார். நான் மேஜைக்கு அடியில் போய்விட்டேன். திருட வந்தவருக்கு அவ்வளவு நல்ல சிரிப்பு எதற்கு மாமா?

நீங்கள் சொன்னால்தான் அக்கா கேட்பாள். உடனே பேசி நிறுத்துங்கள்.

உங்கள் ஆசி வேண்டும்,
வாய் திறக்காத சின்ன மருமகள்

பி.கு.: கடிதத்தை அக்கா படித்துவிட்டாள். முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிக்கவில்லை. "அவர் கத்துக்கலடி. நான் செஞ்சு காட்டறது அவரோட வேலை. எனக்குச் சொல்லிக்கொடுத்துட்டு, சரியாப் படிச்சேனான்னு திருப்பிச் சொல்லச் சொல்லிக் குறிச்சுக்கறார். பாடம் முடியற அன்னிக்கு அவருக்கு வேலை போயிடும். அப்புறம் இங்கேயே உக்காந்து அவர் சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு நான்" என்றாள். ஸ்டூலில் உட்காரப்போகிறவள் நம் அக்காதான் மாமா. அவரோ ஒன்றுகூட ஒளிக்காமல் சொல்லிக்கொடுக்கிறாராம்.

நேற்றே முடிந்திருக்க வேண்டியதாம். மூன்று நாள் நெட் போனதில் பாடம் பாக்கி, வாரக் கணக்கில் சம்பளம் என்பதால் அவருக்கு இன்னும் ஒரு வாரச் சம்பளம் உண்டாம். ஆகையால் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். "நாளைக்கும் பிடுங்குவியாடி?" என்று அக்காவே கேட்கிறாள். துடைப்பத்தோடு வந்த பெண் எங்கே என்று அவர் தினமும் விசாரிக்கிறாராம், அதனால் பத்து ஐந்துக்குப் பிடுங்கலாம் என்றிருக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் கை அசைக்க வேண்டும்.