வைரங்கிக் குடிலின் பதிவேடு

டட்லி பிங்கமின் வலது பூட்ஸ் வாயைத் திறந்தது.

சும்மா திறக்கவில்லை. முதலை கொட்டாவி விடுவது போல நுனியிலிருந்து குதிகால் வரை ஆவென்று திறந்து, அந்தச் சதுப்பிலிருந்த சேற்றில் பாதியை உள்ளே வாங்கிக்கொண்டது. பாதை தொடங்கும் இடத்திலிருந்து அவர் நாற்பதே நிமிடம்தான் நடந்திருந்தார். வைரங்கிக் கணவாயில் இருக்கும் குடிலுக்கு இன்னும் ஆறு மணி நேரம் ஏற வேண்டும்.

"ஒண்ணும் இல்ல, பயப்படாத" என்று பூட்ஸுக்குத் தைரியம் சொன்னார் டட்லி. கூடாரக் கயிற்றை எடுத்து ஏழு சுற்றுச் சுற்றிப் பொட்டலம் மாதிரிக் கட்டினார். எழுந்து இரண்டடி வைத்தார். இடது பூட்ஸின் அடிப்பாகம் சேற்றிலேயே தங்கிவிட்டது. மேல்பாகம் மட்டும் விசுவாசமாகக் காலோடு வந்தது.

இருபத்திரண்டு வருடம் அலமாரியில் தூங்கிய பூட்ஸ். அதன் பசை எந்தக் காலத்திலோ ஓய்வு பெற்றுவிட்டிருந்தது.

டட்லி ஒரு பாறையில் உட்கார்ந்து கிறிஸ்துமஸை நினைத்துப் பெருமூச்சு விட்டார். இன்னும் பதினாறே நாள்.

அவர் மனைவி மேவிஸின் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. காலமான மாமனார் போட்டது. வைரங்கிக் குடிலின் பதிவேட்டில் யார் பெயர் இல்லையோ, அவர்தான் கிறிஸ்துமஸ் விருந்துப் பாத்திரம் அத்தனையையும் கழுவ வேண்டும். சமைக்கிற மேவிஸுக்கு விலக்கு. மேவிஸின் அண்ணன் ரெக்ஸ் தொண்ணூற்றெட்டிலேயே ஏறிப் பெயரை எழுதிவிட்டார். ரெக்ஸின் மனைவிக்கு சோப்பு ஒத்துக்கொள்ளாதாம். மிச்சம் யார்? டட்லி. பன்றித்தொடை வறுக்கிற தட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு குடும்பமே ஏறி ஏரியைக் கடக்கலாம். அதையும் சேர்த்து இருபத்திரண்டு கிறிஸ்துமஸ்!

கழுவுவதுகூடப் பரவாயில்லை. கழுவி முடிக்கும் வரை ரெக்ஸ் பியர் நுரை ஒட்டிய பெரிய மீசையோடு சமையலறை வாசலில் சாய்ந்து நின்று, அந்த ஏற்றத்தின் கதையைச் சொல்வார்.

"குடிலோட ஜன்னலத் தெறந்தேன் மாப்பிள்ள, அடடா! கீழ கடல் வெள்ளித்தட்டு மாதிரி மின்னுது. தட்டுன்னதும் ஞாபகம் வருது, அந்த மூலையில இன்னும் பிசுக்கு இருக்கு பாருங்க."

இந்த வருடம் விடுவதில்லை என்று கிளம்பி வந்தவர்தான், இப்போது ஒன்றரை பூட்ஸோடு உட்கார்ந்திருக்கிறார்.

"அதப் பொதைக்கப் போறீங்களா, எரிக்கப் போறீங்களா?"

நிமிர்ந்து பார்த்தார். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். அரைக்கால் சட்டை, தொடை வரை சேறு, ஒரு கையில் கைத்தடி, மறு கையில் வாலைப் பிடித்துத் தொங்கவிட்ட செத்த எலி. பெயர் ஹூரியா. காட்டுப் பறவைகளின் முட்டையை எலி தின்னாமலிருக்கத் தடம் நெடுகப் பொறி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதைப் பார்த்துக்கொள்கிறவர்.

"முப்பது வருஷமா மாசம் ரெண்டு தடவ போய்ட்டு வரேன்" என்றார் எலியைப் புதருக்குள் வீசிவிட்டு. "இந்தச் சேறு எத்தன பூட்ஸத் தின்னுருக்கு தெரியுமா? வீட்டுக்குப் போங்க தம்பி."

டட்லிக்கு அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது.

"அக்கா, நீங்க குடில் வழியாவா போறீங்க?"

"ஆமா. குடிலத் தாண்டி அந்தப் பக்கப் பள்ளத்தாக்குல படுத்துட்டு, நாளைக்கு மத்தியானம் திரும்பவும் குடிலுக்கு வருவேன். ஏன்?"

"அங்க பதிவேட்டுல... என் பேரையும் சேர்த்து எழுதிடறீங்களா?"

அந்த அம்மாள் திகைக்கவில்லை. திட்டவும் இல்லை. டட்லியின் முதுகுப்பையைத்தான் பார்த்தார்.

"பையில தின்ன என்ன வச்சிருக்கீங்க?"

"மேவிஸ் செஞ்ச பழக் கேக். மூணு மாசம் பிராந்தியில ஊறினது."

"முழுப் பேரு சொல்லுங்க."

கேக் கை மாறியது. ஹூரியா பேனாவை எடுத்து உள்ளங்கையில் பெயரைக் குறித்துக்கொண்டார். "அடுத்து எங்க போறீங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. வீட்டுக்குன்னு போடவா?"

டட்லி அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் கதையும் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ரெக்ஸின் மீசை கண்முன் வந்து ஆடியது. ரெக்ஸ் குடிலோடு சரி, சிகரத்துக்குப் போனதில்லை.

"சிகரத்துக்குத் தனியாப் போறேன், சாயங்காலம் குடிலுக்குத் திரும்பிடுவேன்னு போடுங்கக்கா."

"சிகரத்துக்கா? யோசிச்சுச் சொல்லுங்க தம்பி. எழுதினா எழுதினதுதான்."

"எழுதுங்கக்கா!"

பிறகு எல்லாம் தேன் மாதிரி நடந்தது. டட்லி நொண்டிக்கொண்டே சாலைக்கு இறங்கினார். ஓர் ஆட்டு லாரி நின்றது. நாற்பத்தெட்டு ஆடுகளின் அன்பான நெருக்கத்தில் மலையைச் சுற்றி, பாதை மறுபுறம் இறங்குகிற ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்த முகாம் விடுதியில் அறை எடுத்தார், வெந்நீரில் குளித்தார், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' இரண்டு தின்றார். மறுநாள் மூன்று மணிக்கு மேவிஸும் ரெக்ஸும் பாதை முடியும் இடத்துக்குக் கார் கொண்டுவருவார்கள். இரண்டரைக்குப் புதர் வழியாகப் பாதைக்குள் நுழைந்து, முகத்தில் நாலு விரல் சேறு பூசிக்கொண்டு, களைத்த சிங்கம் போல வெளியே வரவேண்டியதுதான்.

காலை ஆறரைக்கு விடுதியின் பொதுச் சமையலறையில் சீட்டியடித்துக்கொண்டு முட்டை பொரித்தார். கதவு படாரென்று திறந்தது. ஆரஞ்சு அங்கி போட்ட ஒரு மலைமனிதர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"நான் ராவிரி. மதுக்கடை என்னோடது, தேடுற குழுவும் என்னோடது. கை கால் இருக்கறவங்க எல்லாம் கிளம்புங்க. சிகரத்துக்குப் போன ஆளு ராத்திரி திரும்பலன்னு குடில் காவலர் ரேடியோல சொன்னாரு."

"ஐயோ பாவம்" என்றார் டட்லி, மனமார. "யாரு?"

"யாரோ டட்லி பிங்கமாம்."

முட்டை கரண்டியிலிருந்து நழுவி அடுப்புக்குப் பின்னால் விழுந்தது. இன்னும் அங்கேதான் இருக்கும்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ராவிரிக்குப் பின்னால் பதினாலு பேர் நின்றார்கள். ஒருவர் பால் கறக்காமல் இருநூறு மாட்டை விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு பெண்ணின் தலையில் முடி சுருட்டும் ஊசிகள் அப்படியே இருந்தன. பத்து மணிக்கு அவளுக்குக் கல்யாணமாம், மாப்பிள்ளையும் பக்கத்திலேயே கயிற்றோடு நின்றான்.

"உங்க பேரு?" என்று ராவிரி குறிப்பேட்டை எடுத்தார்.

தொட்டிக்கு மேலே யாரோ ஒட்டிய சீட்டு டட்லியின் கண்ணில் பட்டது: 'நெவில், உன் சட்டியைக் கழுவி வை.'

"நெவில்."

"பூட்ஸ் இருக்கா?"

"இல்லையே! வெறும் ரப்பர் செருப்புதான். நானும் வரணும்னுதான் பார்க்கறேன்..."

"அதுக்கென்ன? எங்க அண்ணன் பூட்ஸ் இருக்கு. ரெண்டு அளவு பெருசு. மூணு ஜோடி சாக்ஸ் போட்டுக்கலாம்."

ராவிரி இன்னொன்றும் சொன்னார். "ஆளு மதியத்துக்குள்ள கெடைக்கலைன்னா, வீட்டு ஆளுங்களத் தேடிப் பிடிச்சு போலீஸ் தகவல் சொல்லிரும். பொண்டாட்டி புள்ளைங்க என்ன பாடுபடுமோ."

மேவிஸின் முகம் டட்லியின் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. மதியத்துக்குள் தன்னைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்! வழியில் எங்காவது நழுவிப் புதரில் விழுந்து, நொண்டிக்கொண்டு 'கிடைத்து'விடுவது என்று முடிவு செய்தார்.

ஆனால் தேடுகிறவர்கள் ஜோடி ஜோடியாகத்தான் நடப்பார்கள். ஜோடியைக் கண்ணைவிட்டு விடமாட்டார்கள். டட்லிக்கு ஜோடி ராவிரி.

"டட்லீ!" என்று மலை அதிரக் கூவினார் ராவிரி. "நீங்களும் கூப்பிடுங்க பெரியவரே."

"டட்லி" என்றார் டட்லி.

"என்னங்க இது, பூனைக்குட்டியக் கூப்பிடற மாதிரி! வயித்துலேர்ந்து வரணும்."

"டட்லீ!"

'டட்லீ... ட்லீ...' என்று எதிர்மலை கேலி செய்தது.

"மேகம் எறங்கறப்ப தனியாச் சிகரத்துக்குப் போறான் பாருங்க" என்று ராவிரி ஏறிக்கொண்டே பொரிந்தார். "மண்டைக்குள்ள என்ன, மாட்டுத் தீவனமா?"

"தைரியசாலியா இருக்கலாம்."

"தைரியசாலியா? மடையன்."

"படிச்சவர் போலத் தெரியுது..."

"படிச்ச மடையன்."

ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தார் டட்லி. "கொஞ்சம் ஒதுங்கிட்டு வரேன்" என்றார்.

"தாராளமா. ஆனா பாடிக்கிட்டே போங்க. பாட்டு நின்னா நான் உள்ள வந்துருவேன்."

அந்தக் காட்டிலிருந்த பறவைகள் அன்று கேட்ட பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டை இன்னும் மறந்திருக்காது.

அடுத்த யோசனை, பாக்கெட்டில் மடித்து வைத்திருந்த தொப்பி. உள்விளிம்பில் மேவிஸ் தைத்த அவர் பெயர் இருந்தது. ஆள் பத்திரமாக இறங்கிப் போய்விட்டார் என்று நினைத்துக் கலைந்து போவார்கள் என்று கணக்குப் போட்டு, ராவிரி பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்த நொடியில் தொப்பியை ஆற்றங்கரைக் கல்மேல் வீசினார்.

ராவிரி அதை எடுத்துப் படித்தார். முகம் கறுத்தது. ரேடியோவைத் திறந்தார்.

"பிங்கமோட தொப்பி ஆத்தங்கரையில கெடைச்சிருக்கு. ஆளு தண்ணியில போயிருக்கலாம். நாலு பேர் ஆத்துல எறங்குங்க." ரேடியோவிலிருந்து கல்யாணப் பெண்ணின் குரல் வந்தது: "நாங்க எறங்கறோம்."

டட்லி தலையிலடித்துக்கொண்டார். "மனசு உடையாதீங்க நெவில்" என்று தோளைத் தட்டிக்கொடுத்தார் ராவிரி.

பதினொன்றரை மணிக்கு மேகம் கிழிந்தது. எதிரே சிவப்புத் தகரக் கூரையோடு வைரங்கிக் குடில் நின்றது.

டட்லிக்கு முழங்கால் இரண்டும் கழன்று தனித்தனியாக வந்துகொண்டிருந்தன. குதிகாலில் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம். ஆனாலும் வந்துவிட்டார்! தன் காலால், ஆயிரத்து இருநூறு மீட்டர்! வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடி முதலில் ஜன்னலைத் திறந்தார். கழிப்பறைக் கொட்டகை தெரிந்தது. தொண்ணூற்றெட்டுக்கு அப்புறம் கடல் எங்கோ நகர்ந்து போய்விட்டது போலும் என்று நினைத்துக்கொண்டார்.

காவலர் சிகரத்துப் பக்கம் தேடப் போயிருந்ததால் உள்ளே யாரும் இல்லை. மேஜைமேல் பதிவேடு விரிந்து கிடந்தது.

"மொதல்ல பேர எழுதுங்க" என்றார் ராவிரி. "தேடறவங்களும் எழுதணும். இல்லன்னா உங்களத் தேடி நான் வரவேண்டியிருக்கும்."

டட்லி பேனாவை எடுத்தார். நேற்றைய வரியில் ஹூரியாவின் உருண்டைக் கையெழுத்தில் 'டட்லி பிங்கம். அடுத்து: சிகரம், தனியாக' என்றிருந்தது. ஏறாத ஏற்றத்துக்குத் தன் பெயர். ஏறிய ஏற்றத்துக்கு, சட்டி கழுவாத எவனோ நெவிலின் பெயரா?

இந்த நான்கு மணி நேர வேர்வையையும் எலுமிச்சைக் கொப்புளத்தையும் அந்த நெவிலுக்குத் தானம் கொடுக்க அவர் கை மறுத்துவிட்டது. ஒவ்வோர் எழுத்தாக, கல்லில் வெட்டுவது போல எழுதினார்: டட்லி பிங்கம்.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த ராவிரி படித்தார். மேல் வரியைப் பார்த்தார். கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். அதை எடுத்து மெதுவாக டட்லியின் தலையில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

அப்புறம் ரேடியோவைத் திறந்தார்.

"எல்லாரும் திரும்புங்க. ஆளு கெடைச்சாச்சு. உடம்பு நல்லாருக்கு. மண்டையப் பத்தி நான் அப்பவே சொன்னேன்." ரேடியோவை மூடிவிட்டு டட்லியை நோக்கித் திரும்பினார். "யோவ் படிச்ச மடையா! இன்னிக்கி ராத்திரி என் கடையில அந்தப் பொண்ணோட கல்யாண விருந்து. இருநூறு பேரு. தட்டு கழுவ ஆள் தேடிக்கிட்டிருந்தேன்."

டட்லி தலைகுனிந்து சம்மதித்தார். என்ன இருந்தாலும் அனுபவம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஹூரியா அம்மாள் உள்ளே வந்தார். நடந்ததை ராவிரி சொல்லச் சொல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பையிலிருந்து பழக் கேக்கின் கடைசித் துண்டை எடுத்து டட்லியிடம் நீட்டினார்.

"இல்லக்கா, நீங்களே சாப்பிடுங்க" என்றார் டட்லி கலங்கிய கண்ணோடு. "எங்க மச்சினன் ரெக்ஸும்தான் இருக்கார். அந்தக் காலத்துல நேர்மையா ஏறி, பேர எழுதிட்டுப் போனார். நான் அவரு முகத்துல எப்படி முழிப்பேன்?"

ஹூரியா கேக்கை மென்றபடி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்தார்.

"ரெக்ஸா? பெரிய மீசைக்காரரா? அவர் கேக்கெல்லாம் குடுக்கலையே தம்பி. ரெண்டே ரெண்டு மட்டன் பை, அதுவும் ஆறிப்போனது."