அழுத்தம் தப்பு!

அழுத்தக் காவலர் என்று ஒரு ரகத்து மனிதர் எங்கள் பெல்கிரேடில் தெருவுக்கு ஒருவராவது உண்டு. யாரும் நியமிக்கவில்லை, சம்பளமும் இல்லை. ஆனாலும் நீங்கள் வாயைத் திறந்தால் போதும், எந்த அசையில் அழுத்தம் விழுந்தது, நீட்டினீர்களா குறுக்கினீர்களா, ஏற்றினீர்களா இறக்கினீர்களா என்று பார்த்த பிறகுதான் சேதி என்னவென்று கேட்பார். வீடு பற்றி எரிகிறது என்று சொல்லிப் பாருங்கள். முதலில் உச்சரிப்பு, அப்புறம்தான் தண்ணீர்.

என் மாடிவீட்டு மிலுதின் இதில் முதல் தரம். எங்கள் மொழியில் வெங்காயமும் வில்லும் எழுத்தில் ஒன்றுதான். வெங்காயத்துக்குக் குறுக்க வேண்டும், வில்லுக்கு நீட்ட வேண்டும். சந்தையில் வெங்காயம் விற்ற காய்க்காரி கொஞ்சம் நீட்டிவிட்டாள்.

“அம்பு தனியா வாங்கணுமாம்மா?” என்றார் இவர்.

“யோவ், வெங்காயம் வேணும்னா பையைப் பிடி. இல்லேன்னா நகரு, பின்னால ஆள் நிக்குது!”

வெறும் பையோடு வீடு திரும்பினார், பரம திருப்தியாக. பத்திரிகையில் இரங்கல் விளம்பரங்களுக்குக் கீழே உறவுக்காரர்கள் நாலு வரிக் கவிதை போடுவார்களே, அதைப் பென்சிலும் கையுமாகப் படிப்பார். செத்தவர் யாரென்று பார்க்க மாட்டார். இயைபு செத்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

அவருக்கு ஒரே மகள், பொசில்கா. அவள் விரும்பியதோ தெற்கே வ்ரான்யே ஊர்க்காரன் ட்ரைகோவை. பல் டாக்டர், தங்கமான பையன், பேச்சு மட்டும் அசல் தெற்கத்தி. மிலுதின் வீட்டுக் குடும்பப் புனிதர் திருநாள் விருந்தில் நாங்கள் எல்லோரும் முட்டைக்கோஸ் இலையில் கறி பொதிந்த சர்மாவை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தபோது, ட்ரைகோ ரக்கியாச் சாராயக் கோப்பையோடு எழுந்து, தானே கட்டிய பாட்டைச் சொன்னான்:

“நம் நடுவே பெருகி ஓடுது ரேக்கா,
இக்கரைக்கு நீட்டிடு உன் ரூக்கா.”

ரேக்கா ஆறு, ரூக்கா கை. பெண் கேட்கிறான் ஐயா! பொசில்காவின் கை பாதித் தூரம் வந்தும்விட்டது.

“அழுத்தம் தப்பு!” என்றார் மிலுதின்.

பெல்கிரேடில் இந்த இரண்டு சொல்லுக்கும் அழுத்தம் தலையில். அழுத்தம் விழுந்த உயிரிலிருந்து கடைசிவரை ஒத்தால்தான் இயைபு. ‘ஏக்கா’வும் ‘ஊக்கா’வும் எப்படி ஒக்கும்? தெற்கிலோ அழுத்தம் வாலில். ‘கா’வுக்குக் ‘கா’, கச்சிதமாகச் சேர்ந்துவிடும்.

“முன்னால அழுத்துடா!”

“முன்னால அழுத்தினா பாட்டு உடைஞ்சிரும், மாமா.”

“மாமாவா? இயைபே சேரல, அதுக்குள்ள உறவு சேர்ந்துடுச்சா? இந்த ரெண்டு வார்த்தையும் சேர்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் சேர முடியாது!”

ட்ரைகோவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மிலுதினின் தலையில் சர்மா சட்டியைக் கவிழ்க்கலாமா என்றிருந்தது எனக்கு.

பொசில்கா எழுந்தாள். அப்பாவிடமே பேச்சுக் கற்றவள். பிறந்தது முதல் ஓர் அசை பிசகியதில்லை. கையை முழுக்க நீட்டி, “ரேக்கா, ரூக்கா” என்றாள். இரண்டிலும் அழுத்தம் வாலில்.

“கண்ணு, நீயுமா?”

“சேருதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கப்பா.”

மிலுதினுக்கு வேர்த்துவிட்டது. மேசையே அவர் வாயைப் பார்த்தது. இல்லை என்று ஒரு பொய் சொன்னால் மகள் வீட்டோடு இருப்பாள். காது விடவில்லையே!

“சேருது” என்று முனகினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அந்தப் பெண் கை நீட்டியபோது உங்களுக்குக் கண் கலங்கியதா, இல்லை, அழுத்தத்தை மாற்றி மாற்றிப் போட்டு ரேக்கா, ரூக்கா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தீர்களா? சொல்லிப் பார்த்தீர்கள் என்றால், உங்கள் மகளிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.