பத்தொன்பது கலர் வெப்சைட்

உயிரே போனாலும் இனி ஓசியில் வெப்சைட் செய்து தருவதில்லை என்று ஜெகதீஷ் சபதம் எடுத்தபோது அவனுடைய ஒரு கையில் தோசைக் கரண்டி இருந்தது. மறுகையில் போன். போனில் சித்தப்பாவின் மச்சினர்.

"மாப்ளே, சின்ன வெப்சைட்தான். உனக்கு அரை மணி நேர வேலை."

பதினோரு வருஷமாக எல்லோரும் சொல்லும் அதே அரை மணி நேரம். மைத்துனனின் ஜிம்முக்கு அரை மணி நேரம். வேலப்பன்சாவடி பிரியாணிக் கடைக்கு அரை மணி நேரம். எதிர் பிளாக் பல் டாக்டருக்கு அரை மணி நேரம். அந்த டாக்டரிடம் போய், "சின்னப் பல்லுதான் சார், அரை மணி நேர வேலை, ஓசியில பிடுங்கிடுங்க" என்று எவனாவது கேட்பானா?

ஜெகதீஷ் வெப் டிசைனர். மேனாம்பேட்டில் மூன்றாவது மாடி ஃபிளாட், படுக்கையறை மூலைதான் ஆபீஸ். ஆள் ஒல்லி. கொள்கை கனம். வாராவாரம் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் சாஃப்ட்வேரை அவன் நம்ப மாட்டான். "நேத்து இருந்த பட்டனை இன்னிக்குக் காணோம்னா அது அப்டேட்டா, திருட்டா?" என்பான். ஏஐ எழுதியதைத் தொட மாட்டான். "மெஷின் எழுதினதை மெஷினே படிச்சுக்கட்டும்." எழுத்து வடிவங்களைப் பற்றித் தலையணை கனத்தில் புத்தகங்கள் வாங்கி, பென்சிலும் கையுமாகப் படிப்பான். ஒரு பக்கத்தில் இரண்டு நிறம்தான் இருக்கலாம், மூன்றாவது வந்தால் அது திருவிழா என்பது அவன் வேதம்.

அதனால் அவன் செய்யும் வெப்சைட்டெல்லாம் புதிதாக வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கும். மூலையில் எறும்பு ஊர்கிற மாதிரி சாம்பல் நிறத்தில் நாலு எழுத்து. பல் டாக்டர் தன்னுடையதைப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு சார், எப்ப முடியும்?" என்று கேட்டார். முடித்துக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

போனை வைத்துவிட்டு, கரண்டியை வாள் மாதிரி தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தான்.

"யுவா! ஒரு முடிவு எடுத்துட்டேன்."

"தோசை கருகுது."

"கருகட்டும்! இனிமே ஓசி வேலை கிடையாது. யாரா இருந்தாலும் சரி."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்!"

"பொண்டாட்டியா இருந்தா?"

யுவராணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வாளர் வேலை. தலைமுடி அகலக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவாள். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைப்பதில்லை.

"நம்ம அசோசியேஷன் செயலாளர் தேர்தல்ல நான் நிக்கறேன்ல, அதுக்கு ஒரு வெப்சைட் வேணும். நீங்க பண்ணித் தர்றதா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"உங்களைக் கேட்டா முடியாதும்பீங்க. அதான் கேக்கலை."

அவள் பக்கம் நியாயம் இருந்தது. ஒன்பது வருஷமாக நடேசன்தான் செயலாளர். மண்ணூர்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர். புகார் நோட்டு அவர் பீரோவுக்குள் இருந்தது. நோட்டைக் காணோம் என்று புகார் எழுதவும் நோட்டு கிடையாது. தரைத்தளத்து மங்களம் அம்மா வீட்டுச் சுவரில் இரண்டு மழைக்காலமாகக் கசிவு. யார் என்ன புகார் சொன்னார்கள், என்ன ஆயிற்று என்று நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் போனிலேயே பார்க்கிற மாதிரி செய்வேன் என்பதுதான் யுவராணியின் வாக்குறுதி.

"முடியாது யுவா. கொள்கைன்னா கொள்கை."

"சரி விடுங்க. ஏஐகிட்ட சொன்னா அஞ்சு நிமிஷத்துல பண்ணிக் குடுத்துடுமாம்."

ஜெகதீஷுக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது.

"என் வீட்லயா? நான் உயிரோட இருக்கறப்பயா? நானே பண்றேன்! ஆனா டிசைன்ல ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது!"

"ஹோம் பேஜ் உங்களது. ஹோம்ல பேச்சுதான் என்னது" என்று சொல்லிவிட்டு அவள் தோசையைத் திருப்பப் போனாள்.

குளிக்கும்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. நல்லா பண்ணினால்தானே மறுபடி கேட்பார்கள்? உலகத்தில் எவனும் பார்க்கச் சகிக்காத ஒரு வெப்சைட்டைச் செய்துவிட்டால்? யுவராணி தோற்பாள். பரவாயில்லை, அடுத்த வருஷம் ஜெயிக்கட்டும். ஜெகதீஷ் என்ற பெயரைக் கேட்டாலே சொந்தக்காரர்களெல்லாம் தெறித்து ஓடுவார்கள். விடுதலை! சோப்பு நுரையோடு சிரித்தான்.

வேலையை ஆரம்பித்தான். பின்னணி கிளிப்பச்சை. எழுத்து ரோஸ். அளவு, பஸ் போர்டு அளவு. மேலே 'வருக வருக' என்று வலமிருந்து இடமாக ஓடியது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்தது. திறந்ததும் நாதஸ்வரம். குடியிருப்பவர்கள் அத்தனை பேர் போட்டோவும் வேண்டும் என்றான். கேள்வி கேட்காமல் யுவராணி ஒரே நாளில் வாங்கிக்கொடுத்தாள். ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் தங்க நட்சத்திரம் சுற்றவிட்டான். புகார் சொல்ல, தோசைக்கல் மாதிரி ஒரு சிவப்பு பட்டன். அமுக்கினால் கைதட்டல் கேட்கும். மொத்தம் பத்தொன்பது கலர். பத்தாவது கலருக்கு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தான். பதினைந்தாவதில் கண்ணை மூடிக்கொண்டான்.

முடித்ததும் யுவராணியைக் கூப்பிட்டான். அவள் அலறுவாள் என்று காத்திருந்தான். அவள் கீழே வரைக்கும் நகர்த்திப் பார்த்தாள். நாதஸ்வரத்தை முழுசாகக் கேட்டாள்.

"அந்த ரோஸு இன்னும் கொஞ்சம் அழுத்தமா இருக்கலாமோ?"

"டிசைன்ல வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" என்று கத்தினான். ஆனால் ரோஸை அழுத்தமாக்கினான். இன்னும் கேவலமானால் நல்லதுதானே.

புதன்கிழமை காலை வெப்சைட் எல்லோர் போனுக்கும் போனது. பத்து நிமிஷத்தில் நாலு மாடியிலிருந்தும் நாதஸ்வரம் கேட்டது. முகூர்த்த நாள் என்று நினைத்து வாட்ச்மேன் கேட்டைத் திறந்து வைத்தார். ஜெகதீஷ் கதவைச் சாத்திக்கொண்டு திட்டுகளுக்காகக் காத்திருந்தான்.

முதலில் வந்தது மங்களம் அம்மா. கண்ணில் தண்ணீர்.

"கண்ணாடி போடாமலே படிச்சேன் தம்பி! பேங்க்ல பண்ணி வெச்சிருக்கான் பாரு, பொடி எழுத்துல, ஒரு எழவும் தெரியாது. சிவப்பை அமுக்கினேன், கை தட்டுது! இத்தனை வருஷத்துல நான் புகார் சொல்லி யாருப்பா கை தட்டினாங்க?"

அன்று மத்தியானமே யுவராணி ஆளை அழைத்து வந்து கசிவை அடைக்க வைத்தாள். சாயங்காலம் மங்களம் அம்மா மறுபடி பட்டனை அமுக்கினாள். புகார் ஒன்றுமில்லை, கைதட்டலுக்காக.

ஞாயிற்றுக்கிழமை தேர்தல். நாற்பத்தெட்டு வீடு, வீட்டுக்கு ஒரு ஓட்டு. யுவராணிக்கு நாற்பத்தேழு ஓட்டு. விழாத ஒரு ஓட்டு நடேசனுடையது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடேசனே படியேறி வந்தார்.

"இன்னா தம்பி, இப்டி பண்ணிட்ட! ஒம்பது வருசம் செகரட்டரியா கீறேன், ஒரு மாலை போட்டதில்ல எவனும். நீ இன்னாடான்னா என் மூஞ்சிய சுத்தி ஸ்டாரு வுட்டுக்கீற! பாத்துகினே இருந்தேன். நானே உன் ஊட்டுக்காரம்மாக்கு குத்திட்டேன்பா!"

அந்த ஒரு ஓட்டு, ஃபிளாட் தன் பேரில் இருந்ததால் ஜெகதீஷ் போட்டது.

"அப்பால, மண்ணூர்பேட்டைல என் அக்கா பையன் வெல்டிங் கடை வெச்சிகீறான். அவனுக்கும் ஒண்ணு பண்ணிக் குடு. அதே கிளிப்பச்சை, அதே மேளம். உனுக்கு இன்னா, அரை மணி நேர வேலை!"

அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான். ஓசி வேலையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வெப்சைட்டுக்குப் பாராட்டு வாங்குவதை அவனால் பொறுக்க முடியவில்லை. யுவராணி சோபாவில் உட்கார்ந்து, வந்த புகார்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய் நேர் எதிரே நின்றான்.

"இனிமே மறைக்க மாட்டேன். கேட்டுக்கோ. அதை நான் வேணும்னேதான் கேவலமா பண்ணேன்!"

"தெரியுமே."

"தெரியுமா? எப்பத்திலேர்ந்து?"

"பாத்ரூம்ல தனியா சிரிச்சீங்களே, அப்பத்திலேர்ந்து."

"தெரிஞ்சுமா விட்டே? வேற ஆளைப் பாத்திருக்கலாமே! அட, எனக்கே காசு குடுத்திருந்தா..."

யுவராணி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காசு குடுத்திருந்தா நீங்க ஒழுங்கா பண்ணித் தொலைச்சிருப்பீங்களே!"