முகத்தைக் கொடுத்தேன், காதைக் கொடுக்கவில்லை

கர்கராலி
ஜனவரி 14

அல்மாத்தியில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் அருமை மருமகன் அன்சாருக்கு, உன் தாய்மாமன் கப்தேன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தை ரிஸ்தியும் நலம். நீ நலமா, மனைவி மக்கள் நலமா, கால்நடைகள் நலமா? உன்னிடம் இருப்பது ஒரு பூனை மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கால்நடையை விசாரிக்காமல் கடிதம் தொடங்கினால் என் கை ஓடாது. பூனை நலமா? உன் அம்மா, அதாவது என் தங்கை சௌரேஷ், முழங்காலுக்குக் கரடிக் கொழுப்புத் தேய்க்கிறாளா, அல்லது இன்னமும் டாக்டர் சொல்வதைத்தான் கேட்கிறாளா?

இதையெல்லாம் போனில் கேட்கலாமே என்பாய். போன் செய்தால், "மாமா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் அக்டோபரிலிருந்து வரவில்லை. கடிதத்தை மீட்டிங்கில் வைத்தும் படிக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். தாய்மாமன் வீட்டில் மருமகன் மூன்று தடவை எதைக் கேட்டாலும் மறுக்கக் கூடாது என்பது நம் வழக்கம். அதை நான் ஒருநாளும் மீறியவன் இல்லை. ஏழு வயதில் வெள்ளை நெற்றிக் குதிரைக் குட்டியைக் கேட்டாய், கொடுத்தேன். கல்யாணத்துக்கு என் அப்பாவின் வெள்ளிச் சேணத்தைக் கேட்டாய், உள்ளுக்குள் அழுதுகொண்டு கொடுத்தேன். போன செப்டம்பரில் பதினோரு பேர், நாலு கேமரா, கூண்டில் ஒரு கழுகு சகிதமாக வந்து இறங்கி, "மாமா, மூணாவது பாக்கி இருக்கு" என்றாய். நான் பழுப்புப் பெட்டைக் குதிரை போயிற்று என்று நினைத்து அதை மனத்தளவில் வழியனுப்பியே விட்டேன். நீ கேட்டது என் முகத்தை. உன் கம்பெனியின் அல்தின்ஜெல் வண்டிக்கு விளம்பரத்தில் தோன்ற வேண்டும் என்றாய். உன் அத்தை உடனே, "மூஞ்சிதானே, குடுத்துத் தொலைங்க. குதிரையவிட மலிவு" என்றாள். நானும் சரி என்றேன்.

அன்றைக்கு நடந்ததை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, ஆனாலும் படுத்துகிறேன். வெயில் கொளுத்துகிற நாளில் நரித்தோல் தொப்பியை என் தலையில் கவிழ்த்தீர்கள். எனக்கு நரித்தோல் தொப்பி கிடையாது. கராஜில் முப்பத்தாறு வருஷம் மெக்கானிக்காக இருந்தவன் போட்டது கிரீஸ் பிடித்த துணித் தொப்பி. கழுகைக் கையில் உட்கார வைத்தீர்கள், அதற்கு என்னைப் பிடிக்கவில்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் உன் டைரக்டர், காதில் கம்மல் போட்ட அந்தப் பையன், பானெட்டில் காதை வைக்கச் சொன்னான். அதுதான் என் தொழில் என்று நீதான் அவனுக்குச் சொல்லியிருக்கிறாய். எங்கள் வட்டாரத்தில் யார் வண்டி வாங்கினாலும் முதலில் என்னிடம் கொண்டுவருவார்கள், நான் காதை வைத்துக் கேட்டுவிட்டு வாங்கு அல்லது வேண்டாம் என்பேன், ஒரு கிண்ணம் தேநீரோடு கணக்கு முடிந்துவிடும். சரி என்று காதை வைத்தேன். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன். "வேணாம் ஐயா, சத்தம் மைக்ல விழும். ஆஃப்லயே இருக்கட்டும், நீங்க கேக்குற மாதிரி தலைய மட்டும் ஆட்டுங்க" என்றான். அணைந்து கிடக்கிற இன்ஜினில் காதை வைத்துத் தலையாட்டினேன், அன்சார். மூன்று டேக். அப்புறம் எழுதிக்கொடுத்ததைப் படித்தேன்: நாற்பது குளிர்காலம் வண்டிகளோடு பேசியவன் நான், இதுதான் என் பதில்.

கார் கம்பெனிகளைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. நீ அந்தத் துறையில் பெரிய ஆள், கேட்டுக்கொள். நான் வாலிபனாக இருந்த காலத்தில் விளம்பரமே கிடையாது. ஒரே வண்டி, மூன்று நிறம், பத்து வருஷ வரிசை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு வண்டி வந்துவிட்டது என்கிற செய்திதான் விளம்பரம், அதைவிடப் பலமான விளம்பரத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அப்புறம் டிவியில் எல்லா நாட்டு வண்டிகளும் வந்தன. ஜெர்மன்காரன் விளம்பரத்தில் வளைந்து வளைந்து ஒரு காலிச் சாலை, ஒரே ஒரு ஆள், முகத்தில் சிரிப்பே இல்லை. "பாவம், இவனுக்கு யாருமே இல்லையா?" என்று உன் அத்தை ஒவ்வொரு தடவையும் கேட்பாள். எங்கள் பக்கத்தில் ஒருத்தன் தனியாகக் காரில் போனால் வீட்டில் சண்டை என்று அர்த்தம். அமெரிக்காக்காரன் வண்டியை மலை உச்சியில் கொண்டுபோய் நிறுத்துகிறான், எப்படி இறக்கினான் என்று காட்டுவதில்லை. நான் மலையிலிருந்து பதினேழு வண்டிகளைக் கயிறு கட்டி இறக்கியிருக்கிறேன், ஒருதடவையும் பின்னணியில் சங்கீதம் கேட்கவில்லை. கொரியாக்காரன் குடும்பத்தைக் காட்டுகிறான், ஐந்து பேருக்கும் பல் அப்படி ஒரு வெள்ளை, பின்சீட்டில் ஆடு கிடையாது. சீனாக்காரன் வண்டி ஓடுவதையே காட்டுவதில்லை, உள்ளே இருக்கிற டிவியைக் காட்டுகிறான். ஜப்பான்காரன் மட்டும் தன் வண்டியைப் பற்றிப் பேசக் கொஞ்சம் கூச்சப்படுகிற மாதிரி இருக்கும், அதனாலோ என்னவோ எனக்கு அவன்மேல் ஒரு மரியாதை.

ஆனால் இவர்கள் யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை. இவர்கள் தங்கள் ஊரை நம்மிடம் விற்றார்கள். அந்தச் சாலை நம் ஊரில் இல்லை, அந்தப் பல் நம் வாயில் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் வந்து, "கப்தேன், நெசமா இது எப்படி?" என்று கேட்டார்கள். நீ எங்களையே எங்களுக்கு விற்கிறாய். எங்கள் புல்வெளி, எங்கள் குதிரை, எங்கள் மெக்கானிக். இனி அவர்கள் யாரிடம் போய் நிஜமா என்று கேட்பார்கள்? கேட்கிற இடமான என்னைத்தான் நீ விளம்பரப் போர்டில் ஒட்டிவிட்டாயே.

போர்டு நவம்பரில் வந்தது. கரகாந்தா சாலை ஊருக்குள் திரும்புகிற இடத்தில் ஆறு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறேன். உன் அத்தை பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "வீட்டுல குப்பையக் கொட்டச் சொன்னா எழுந்திருக்க மாட்டாரு, இங்க நாள்பூரா நிக்கிறாரு" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்கிறாளாம். பஜாரில் தயிர் வாங்கப் போனால் தயிர்க்காரி சட்டியை என் காதருகே நீட்டி, "புளிச்சிருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க" என்கிறாள். இதெல்லாம் போகட்டும். தொக்தாசின் விஷயம்தான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

தொக்தாசினை உனக்குத் தெரியும், என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், குதிரை வளர்க்கிறவன், பிடிவாதத்தில் அவனுடைய குதிரைகளுக்கே பாடம் எடுக்கக்கூடியவன். அவனுடைய பழைய ஜீப் குளிர்காலத்தில் நினைத்தால் ஓடும், நினைக்காவிட்டால் ஓடாது. பதினோரு வருஷமாக ஒவ்வொரு இலையுதிர்காலமும் என்னிடம் வந்து, "இந்த வருஷம் புது வண்டி வாங்கட்டுமா?" என்பான். நான், "பொறுடா" என்பேன். இந்தத் தடவை அவன் வரவில்லை. அவனுடைய மருமகளுக்கு ஜனவரியில் பிரசவம், தலைச்சன், அவர்கள் பண்ணை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர். ஒன்பது பெட்டைக் குதிரைகளை விற்று அல்தின்ஜெல் வாங்கி, நேராக என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். புதுசைப் பார்த்தால் பார்த்தவர்கள் ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது வழக்கமாயிற்றே, நான் என் நல்ல தோல் கையுறையைக் கொடுத்தேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேடா?" என்றேன். "அதான் போர்டுல நின்னு சொல்லிட்டியே, அப்புறம் என்ன கேக்கறது?" என்றான்.

அன்றைக்குத்தான் முதல்தடவையாக ஓடுகிற அல்தின்ஜெல்லில் காதை வைத்தேன். மேலே பிளாஸ்டிக் மூடி, அதற்கடியில் பஞ்சு. ஒன்றும் புரியவில்லை. நல்ல வண்டியா? தெரியாது. கெட்ட வண்டியா? அதுவும் தெரியாது. எங்கள் குளிரில் ஒரு வருஷம் கூட நின்று பார்க்காத வண்டியைப் பற்றி எந்த யோக்கியனுக்கும் தெரியாது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன், தெரியாது என்று என் வாயில் வரவில்லை. தலையாட்டினேன். உன் டைரக்டர் நன்றாகப் பழக்கிவிட்டான்.

டிசம்பரில் மைனஸ் முப்பது வந்தது. நான் என்ன செய்வேன்? அதிகாலை ஐந்தரைக்குத் தொக்தாசின் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவான். நான் என் பழைய வண்டியில் போய், உறைந்த இன்ஜின் சூடேற அவனுடைய அல்தின்ஜெல்லுக்கு அடியில் கரித் தணல் தட்டு வைத்து, பானெட்டுக்குள் தடிக் கம்பளத்தைப் போர்த்தி, ஒரு தடவை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். எங்கள் ஊரில் சாவி வண்டியிலேயேதான் தொங்கும். ஏழு மணிக்கு அவன் வந்து சாவியைத் திருப்பினால் வண்டி பூனைக்குட்டி மாதிரி முனகும். விளைவு என்ன தெரியுமா? "மைனஸ் முப்பதுல ஒரே திருகுல கெளம்புதுய்யா!" என்று அவன் ஊர் பூராவும் சொல்லி, கூட்டுறவுக் கடைக்காரரும் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரும் ஆளுக்கொன்று வாங்கிவிட்டார்கள். இப்போது எனக்கு மூன்று வீடு, மூன்று தட்டு, மூன்று கம்பளம். நாலு மணிக்கு எழுந்திருக்கிறேன். "நடிச்சதுக்கும் சம்பளம் இல்ல, இப்ப சர்வீஸும் இலவசமா?" என்கிறாள் உன் அத்தை. எழுபத்தொரு வயதில் ஊரையே ஏமாற்றுகிறவனாக விடியற்காலையில் அடுத்தவன் வாசலில் குனிந்து நிற்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் சொல்லை நம்பி ஒரு பெண் நடுவழிப் பனியில் வலியோடு கிடக்க நேர்ந்தால், அப்புறம் நான் ஊரில் யார் முகத்தில் விழிப்பேன்?

ஆகவே மருமகனே, நன்றாக யோசித்து இதை எழுதுகிறேன். வழக்கப்படி நீ என்னிடம் கேட்டது முகம். முகத்தைக் கொடுத்தேன். காதை நீ கேட்கவில்லை, நான் கொடுக்கவும் இல்லை. அதை நீ கேட்காமலே எடுத்துக்கொண்டாய், அதைத் திருப்பிக் கேட்கிறேன். இந்த வாரமே போர்டை இறக்கு. டிவியிலும் நிறுத்து. விளம்பரம் வேண்டுமானால் திரும்பவும் வா. என் துணித் தொப்பியோடு, இன்ஜின் ஓட ஓட, "தெரியாது, ஒரு குளிர்காலம் போகட்டும்" என்று சொல்கிறேன். அப்படிச் சொல்கிற முதல் கார் கம்பெனியாக நீங்கள் இருப்பீர்கள், சத்தியமாக அதை நம்பி நூறு பேர் வாங்குவார்கள். இன்று காலையிலிருந்தே தணல் தட்டையும் நிறுத்திவிட்டேன், யார் வாசலுக்கும் போகவில்லை. மற்ற இரண்டு பேரிடமும் போய்ச் சொல்லிவிடுவேன். தொக்தாசினிடமும் இன்றைக்கே உண்மையைச் சொல்லி, அவன் அடித்தால் வாங்கிக்கொள்ளப் போகிறேன்.

உன் குடும்பம் தழைக்க, உன் பூனை பெருக, உன் மீட்டிங்குகள் குறைய வாழ்த்தும் மாமன்,
கப்தேன்

பின்குறிப்பு: மேலே இருப்பதைக் காலையில் எழுதி, கவரில் போடுவதற்குள் ஜன்னலைத் தட்டினார்கள். தொக்தாசின். மீசை முழுக்கப் பனி. நாலு கிலோமீட்டர் குதிரையில் வந்திருக்கிறான். மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது, மைனஸ் முப்பத்தெட்டு, வண்டி கிளம்பவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டான், "ஏன்டா இன்னிக்கு வரல?"

தட்டை எடுத்துக்கொண்டு என் வண்டியில் பறந்தோம். அந்தப் பெண்ணை முதலில் என் வண்டியிலேயே ஏற்றலாம் என்றேன், ஹீட்டர் இல்லாத வண்டியில் ஏற்ற மாட்டேன் என்றாள் அவனுடைய மனைவி. தணல் வைத்துக்கொண்டே, விளம்பரத்தில் இன்ஜின் அணைந்திருந்தது, நான் சொன்னது பொய், மன்னித்துவிடு என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் கம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, "வண்டிக்குப் பின்னால கொழாயில பொகையே இல்ல, டிவியிலயே பாத்தேன். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றான். அப்புறம் எதுக்குடா ஒன்பது குதிரையை விற்றாய் என்று கத்தினேன். "வண்டிய நம்பியாடா வாங்கினேன்? அது எந்த வண்டியா இருந்தா எனக்கென்ன. உன் மூஞ்சி போட்ட வண்டிய நடுரோட்டுல நிக்க விடமாட்ட. அதுக்குத்தான் காசு குடுத்தேன். கடைக்காரரும் வாத்தியாரும் அதுக்குத்தான் வாங்கினாங்க. நீ வர்றப்ப நாங்க யாரும் வெளிய தலை காட்டக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம், நீ கூச்சப்படுவேன்னு" என்றான். இருபது நிமிஷத்தில் வண்டி கிளம்பியது. மத்தியானம் ஆண் குழந்தை, மூன்று கிலோ எண்ணூறு. நான் தொக்தாசினுடைய குதிரைக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன், உன் அத்தையிடம் சொல்லாதே.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. போர்டை இறக்கினால் கேரண்டி போய்விடும் என்று தொக்தாசின் உன்மேல் வழக்குப் போடுவானாம், அது அங்கேயே நிற்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன், இதை மாமன் மருமகனிடம் கேட்கிறதாக எடுத்துக்கொள்: எங்கள் ஊருக்கு இனிமேல் ஒரு வண்டி கூட விற்காதே. மூன்றுக்கு மேல் என்னால் முடியாது.