சதுரங்கத் துறவு

நான் சதுரங்கத்தைத் துறந்துவிட்டேன். தோற்றதால் அல்ல. தோற்றதால்தான் என்று என் மனைவி சொல்கிறாள்; அவளுக்குத் தத்துவம் பிடிபடாது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. இரவுச் சாப்பாடானதும் ஓர் ஆட்டம். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். சட்டம் இயற்றியவன் நான். அப்போது அவளுக்கு ஆடத் தெரியாது. பாவமே என்று நான்தான் கற்றுக்கொடுத்தேன். அதற்கப்புறம் என் கை காய்ந்ததே இல்லை.

யோசித்தேன். ஆடினால்தானே தோல்வி? ஆடாதவனை இதுவரை எந்த மேதையும் வென்றதில்லை.

"இனிமே எனக்கு ஆட்டம் வேணாம். அது சின்னப் பசங்க சமாச்சாரம்."

"அப்ப பாத்திரம்?"

"ஆட்டமே இல்லேன்னா தோத்தவர் ஏது? பழையபடி நீதான்."

அவள் சிரித்துக்கொண்டே பலகையை மடித்து வைத்தாள். நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

சில நாள் ராஜ வாழ்க்கை. நேற்று படுக்கையறையில் ஒரு தடிப் புத்தகத்தோடு சாய்ந்திருந்தேன். கூடத்தில் அவளும் எதிர்வீட்டு நர்ஸும் பலகையை விரித்தார்கள்.

"யானை எப்படிக்கா போகும்?"

"குறுக்கால போகும்."

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அடுத்தவர் தப்பில்தான் என் சம்பளமே. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன்.

"குதிரை?"

"நேரா ஓடும். கால் வலிச்சா நின்னுக்கும்."

கட்டில் சட்டத்தை இறுகப் பற்றினேன்.

"ராஜாவை வெட்டிட்டா?"

"வேற ராஜா வச்சுக்கலாம். டப்பாவுல ஒண்ணு கிடக்கு."

"நிறுத்துங்க!"

எப்போது எழுந்தேன், எப்போது கூடத்துக்கு வந்தேன், தெரியாது. "ராஜாவை வெட்டவே கூடாது! யானை நேராத்தான் போகும்!"

"கோவப்படாதீங்க. உக்காந்து ஒரு தடவை ஆடிக் காட்டுங்களேன்," என்றாள் என் மனைவி.

உட்கார்ந்தேன். என் யானை நேராகப் போனது. அவள் யானையும் நேராகவே வந்தது. அவள் குதிரைக்குக் கால் வலியே இல்லை. கொஞ்ச நேரத்தில் என் ராஜாவுக்கு நகர இடமில்லை.

நர்ஸ் வாய்விட்டுச் சிரித்தாள். "டப்பா ராஜான்னதும் ஓடி வருவார்னு சொன்னீங்க, அப்படியே வந்துட்டாரேக்கா!"

"இது சும்மா பாடம்தானே?" என்றேன்.

"ஆடினீங்க, தோத்தீங்க. சட்டம் நீங்க போட்டதுங்க."

முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தபோது அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, நாளைக்கு எதைத் தப்பா சொல்லட்டும்?"