மாப்பிள்ளை பூசிய மொட்டைமாடி

“மறுபடியும் உரிஞ்சிருக்கு!”

மொட்டைமாடியிலிருந்து வந்த அலறலைக் கேட்டு மனைவி அடுப்பைக்கூட அணைக்கவில்லை. அவளுக்குப் பழகிவிட்டது.

வீடு மாமனாருடையது. மூத்த மகளைப் பார்க்க வெளியூர் கிளம்பும்போது அவர் சொன்னது ஒன்றுதான்.

“மாப்பிள்ளை, மழைக்கு முன்னாடி மாடிக்கு வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிக்கணும். நல்ல ஆளா வெச்சு…”

“ஆள் எதுக்கு மாமா? நானே அடிச்சுடறேன்.”

மாமனார் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் மாப்பிள்ளையைத் தூங்கவிடாமல் படுத்தியது. ஞாயிற்றுக்கிழமை அவர் திரும்பி வருகிறார். அதற்குள் மாடி சரியாகவில்லை என்றால், சொந்தக்காரர்கள் கூடுகிற இடமெல்லாம் இனி இந்தக் கதைதான் ஓடும்.

முதல் தடவை அடித்தது உரிந்ததுமே மாப்பிள்ளை தண்ணீர்த் தொட்டி மேடையில் உட்கார்ந்து பெயின்ட் கடைக்காரருக்குப் போன் போட்டார். அந்த வீட்டில் ஒழுங்காக சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அது.

“என்னய்யா சாமான் கொடுத்தீங்க? தொட்டிப் பக்கம் தோல் தோலா வருது!”

“தூசி மேல அடிச்சிருப்பீங்க சார். சுரண்டிக் கழுவிட்டு அடிங்க.”

சுரண்டினார். கம்பி பிரஷ் தேய்த்த வேகத்தில் பழைய பூச்சோடு சிமென்டும் பெயர்ந்தது. அந்தக் குழிகளை அடைத்துவிட்டு, குழாயைத் திறந்து கழுவினார். அழுக்குத் தண்ணீர் தெறித்து, பக்கத்து வீட்டு அக்கா தன் மாடியில் காயப்போட்டிருந்த வெள்ளைப் போர்வை வெள்ளை என்ற பெயரையே இழந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து பூசினார்.

அதே இடத்தில் உரிந்தது.

“ஈரத்துல அடிச்சிருப்பீங்க சார். மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள காஞ்சிருக்காது. ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்க. அடியில வேர்த்திருந்தா அடிக்காதீங்க.”

ஷீட் வேர்க்காத நாள் வரை காத்திருந்தார். பிரைமர் அடித்தார். மெல்லிசாக ஒரு கோட், அது நன்றாகக் காய்ந்தபின் இன்னொரு கோட். இப்படிப் பொறுமையாக அவர் தன் கல்யாணத்துக்குக்கூட அலங்காரம் செய்துகொண்டதில்லை.

தொட்டிப் பக்கம் மறுபடி உரிந்தது.

“நீ துணி காயப்போட மேல வர்றே பாரு, அதனாலதான்!” என்று மனைவி மீது பாய்ந்தார். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஈரத் துணியெல்லாம் மாமனார் அறையில் கொடி கட்டித் தொங்கியது.

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. “இந்த வீட்டுல எதுங்க ஒட்டி நின்னிருக்கு? சோபாக் கைப்பிடியில ரெக்சின் உரிஞ்சுது. ரிமோட்ல ஸ்டிக்கர் உரிஞ்சுது. இப்ப மாடி!”

“இப்ப வர்ற சாமானே அப்படித்தான்!”

பூட்டிய மாடியிலும் பூச்சு உரிந்தது.

“பேயா வந்து உரிக்குது?” என்று தொட்டி மேடையில் உட்கார்ந்து போனில் கத்தினார். கடைக்காரருக்கும் யோசனை தீர்ந்துவிட்டது. பக்கத்து மாடி அக்கா துணியை எடுத்தபடி, “தம்பி, நான் ஒண்ணு சொல்லவா?” என்றார். போர்வை விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, ‘அப்புறம்’ என்று தலையாட்டிவிட்டு மாப்பிள்ளை திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். துணிகளைத் தலையால் விலக்கிக்கொண்டு அறையில் பெட்டியை வைத்தார். நேரே மாடிக்குப் போய் ஒரு சுற்று நடந்து, அங்கங்கே நகத்தால் கீறிப் பார்த்தார்.

“பரவால்லையே மாப்பிள்ளை! நல்லாப் பிடிச்சிருக்கு. இந்தத் தொட்டிப் பக்கம் மட்டும் ஏன் இப்படி?”

மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. “அதான் மாமா எனக்கும் புரியல! எல்லாம் அந்தக் கடைக்காரன் கொடுத்த சாமான். இருங்க, நீங்களே கேளுங்க.” தொட்டி மேடையில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தார். “ஹலோ! எங்க மாமா வந்திருக்காரு, அவருக்குப் பதில் சொல்லுய்யா!”

பக்கத்து மாடி அக்கா கையிலிருந்த துணியை உதறிவிட்டு எட்டிப் பார்த்தார்.

“ஊர்லேருந்து வந்தாச்சாங்க? நானும் தம்பிகிட்ட சொல்லணும்னு பாக்கறேன், போனை வெச்சாத்தானே! தினமும் அங்க உக்காந்து பேசிக்கிட்டே உரிச்சு உரிச்சுப் போடறது அவரேதாங்க… இதோ பாருங்க, இப்பவும் உரிக்கிறாரு!”