முனீஸ்வரருக்கு ஒரு ஃபியூஸ்

ஃபியூஸ் மறுபடியும் போய்விட்டது. மலைப்படியில் வரிசையாக எரிந்த விளக்குகள் எல்லாம் ஒரே மூச்சில் அணைந்தன. முனீஸ்வரர் முன்னால் இருந்த எண்ணெய் விளக்கு மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் எரிந்துகொண்டிருந்தது.

"தம்பி, அவிஞ்சிருச்சு," என்றார் சின்னையா. கால்கட்டோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர், கோகுலனுக்குத் தெரியாத செய்தியைச் சொல்வதுபோல் சொன்னார்.

ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில், மின்கம்பங்கள் முடிந்துபோகும் இடத்தையும் தாண்டி இருக்கிறது அந்தச் சின்னக் கோயில். அதைக் கூட்டிப் பெருக்கிக் காத்து வருபவர்கள் சின்னையாவும் அவர் மனைவி நவமணியும். போன மழையில் சின்னையா இருட்டில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அதிலிருந்து, பொழுது சாய்வதற்குள் கோயிலைப் பூட்டிவிட வேண்டும் என்று கோயில் நிர்வாகத் தலைவர் யசோதரன் உத்தரவு போட்டுவிட்டார். ஆண்டுப் பூசைக்கும் அதே உத்தரவுதான்.

அப்படியானால் அக்கரையில் ஜுருவிலும் புக்கிட் தெங்காவிலும் ஆலை வேலை முடித்து, கடல் பாலம் கடந்து இந்தத் தீவுக்கு வருகிறவர்கள் பூட்டிய கதவைத்தான் கும்பிட வேண்டும். கோகுலனுக்கு அது பொறுக்கவில்லை. லிட்டில் இந்தியாவில் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதும் அவர், சோலார் தகடும் பேட்டரியும் வைத்துப் படியெல்லாம் விளக்குப் போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்தார். பூசைக்குள் விளக்கு நிலையாக நின்றால் கதவு திறந்திருக்கும் என்று யசோதரனும் ஒப்புக்கொண்டார்.

கோகுலன் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. விளக்குகள், ஒரு மின்விசிறி, பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்ந்தாலும் பேட்டரியிலிருந்து பதினைந்து ஆம்பியர்தான் இழுக்கும். அதற்கு நாற்பது ஆம்பியர் ஃபியூஸும் அதைத் தாங்கும் கேபிளும் போட்டார். பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை மட்டும், பின்னால் உதவும் என்று பெரிதாகவே வாங்கினார். எல்லாவற்றையும் கோயிலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் வைத்தார். பிறகு படியில் உட்கார்ந்து விளக்குகளை அழகு பார்த்தபோதுதான் முதல் ஃபியூஸ் போனது.

அன்று நவமணி இருட்டிலேயே கோப்பி கொண்டுவந்து கொடுத்தார். பச்சைத் தண்ணீரில் கலக்கியதுபோல் இருந்தது. பேக்கட் தூள் மேலே மிதந்தது. அன்பாகக் கொடுத்ததைக் குறை சொல்லும் பழக்கம் கோகுலனுக்கு இல்லை.

"ரொம்ப நல்லா இருக்குக்கா," என்று ஒரு சொட்டு விடாமல் குடித்தார். நவமணியின் முகம் மலர்ந்தது.

இன்றைக்குப் போனது இரண்டாவது ஃபியூஸ். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோகுலன் முஸ்தஃபாவின் மின்சாமான் கடையில் நின்றார். ஃபியூஸ் சின்னதாக இருக்கும், எண்பது போடுங்கள் என்றார் முஸ்தஃபா. கோகுலன் பொறுமையாக விளக்கினார்: ஃபியூஸ் காவல் காப்பது கேபிளைத்தான், கேபிள் மெல்லியதாக இருக்க ஃபியூஸை மட்டும் பெரிதாக்கினால், ஃபியூஸ் போவதற்கு முன் கேபிள் தீப்பிடிக்கும், ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். முஸ்தஃபா மகிழ்ச்சியோடு தடித்த கேபிளை அளந்து வெட்டினார்.

எண்பது ஆம்பியர் ஃபியூஸ் ஒரு வாரம் முழுக்கத் தாக்குப்பிடித்தது. சின்னையா தினமும் போன் போட்டு, எரியுது தம்பி, ஜம்முனு எரியுது என்றார். கோகுலன் கண்ணாரப் பார்க்கலாம் என்று மலையேறினார். நவமணி வாங்க தம்பி, உக்காருங்க என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அணைந்தது.

கோப்பி வந்தது. இந்தத் தடவை வெதுவெதுப்பாக இருந்தது. கோகுலன் நல்லா இருக்குக்கா என்று சொல்லிக் குடித்தார்.

சின்னையா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க இல்லாதப்ப ஒண்ணும் ஆவுறதில்ல. நீங்க வந்தாத்தான் போவுது."

கோகுலனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பேட்டரியின் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். திருகுகளை எல்லாம் முடுக்கினார். பேட்டரியை இன்வெர்ட்டர் பக்கத்துக்கே நகர்த்திக் கேபிளின் நீளத்தைக் குறைத்தார். நூறு ஆம்பியர் ஃபியூஸும் இன்னும் தடித்த கேபிளும் போட்டார். அதோடு, யாரும் பார்க்காத நேரத்தில் சாமிக்கு ஒரு தேங்காயும் உடைத்தார்.

அடுத்த தடவை யசோதரனும் பார்க்க வந்தார். விளக்குகள் நல்ல பிள்ளைகளாக எரிந்தன. அவர் தலையாட்டி, பரவாயில்லையே என்று சொல்ல வாயெடுத்தபோது பொசுக்கென்று எல்லாம் அணைந்தது. இருட்டில் கோகுலன் கைக்குக் கோப்பி வந்தது. நல்ல சூடு, இன்னும் கொஞ்சம் கொதித்திருந்தால் அருமையாக இருந்திருக்கும்.

யசோதரன் கடைசியாகச் சொன்னது இதுதான். பூசையன்று கதவைத் திறந்து வைப்பார். ஆனால் கோகுலன் மேலே வரக் கூடாது. விளக்கு ஒருமுறை அணைந்தாலும் எல்லோரையும் இறக்கிவிட்டுப் பூட்டிவிடுவார்.

"உம்மட ராசி அப்படி, கோகுலன். நான் என்ன செய்ய?"

"நான் கீழயே நிக்கிறேன் சார்," என்றார் கோகுலன். "ஆனா லைட்டு நிக்கும்."

மறுபடியும் முஸ்தஃபா கடை. நூற்றைம்பது ஆம்பியர் ஃபியூஸ்; அதற்கேற்ற, பெருவிரல் தடிமன் கேபிள். முஸ்தஃபா இரண்டு கையாலும் அதை வளைக்கப் பார்த்துத் தோற்றார்.

"அண்ணே, உண்மைய சொல்லுங்கலா. இது சாமிக்கு லைட்டா, இல்ல மலையில ரயில் விடப் போறீங்களா?"

பூசையன்று கோகுலன் சொன்ன சொல் தவறாமல் முதல் படியிலேயே நின்றார். பொழுது சாய்ந்தது, விளக்குகள் எரிந்தன. ஆலைச் சீருடையோடு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரு பெண் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். வெளிச்சம் இருந்ததால் கீழே பார்க்காமல் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு ஏறினாள். கோகுலன் ஒவ்வொருவருக்கும் வழிவிட்டு, பாத்துப் போங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேலே மணி அடித்தது. தீபாராதனை அவருக்குத் தெரியவில்லை. ஆனால் திரும்பி வந்தவர்களின் நெற்றியில் திருநீறு தெரிந்தது. அது போதும் என்றிருந்தது அவருக்கு.

அப்போது விளக்குகள் சற்றே மங்கின.

கோகுலன் கோயில் பக்கம் திரும்பினார். ஐயா, அவங்க எறங்குற வரைக்குமாவது, என்று கைகூப்பினார். மங்கிய விளக்குகள் அணையவில்லை. கொஞ்ச நேரத்தில் பழையபடி பளிச்சென்று எரிந்தன. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணக்கும் கேபிளும் ஒரு பக்கம் இருந்தாலும், இது அவன் அருள்தான் என்று நினைத்தார்.

கடைசி ஆளும் பத்திரமாக இறங்கிய பிறகு நவமணி ஒரு தட்டில் பிரசாதமும் கோப்பியும் ஏந்தி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

"நீங்க மட்டும் கீழயே நிக்கிறீங்கன்னு மனசு கேக்கல தம்பி. குடிங்க."

கோகுலன் வழக்கம்போல் ஒரே மடக்காகக் குடிக்கப் போய் நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"என்னக்கா, இன்னிக்கு இப்படிக் கொதிக்குது?"

"எல்லாம் உங்க புண்ணியம் தம்பி," என்றார் நவமணி, பூரிப்போடு. "நீங்க வர்றப்பெல்லாம் கொட்டகையில கரண்டு கெட்டில்ல உங்களுக்குத் தண்ணி வெப்பேன், அது கொதிக்கறதுக்குள்ள லைட்டு போயிரும். இன்னிக்குத்தான் முழுசாக் கொதிச்சிச்சு."